ஏறுபடியும் இறங்குபடியும்

கல்முனைக் கடற்கரையில் பனிக்கட்டியின் பெரும்பயன் மீனைக் காப்பதே. விடியற்பொழுதில் தோணிகள் கரை சேர்கின்றன; இறக்கப்பட்ட மீன், வெயில் ஏறுமுன்னர் பெட்டிகளில் அடுக்கப்படுகின்றது; ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உடைத்த ஐஸ். பின்னர் லொறிகள் தலைநகரை நோக்கிப் புறப்படுகின்றன. மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் அக்கரையோரத்தில், நிலத்தின் மீது நீர் தானே உறைந்து கல்லாவதை எவரும் கண்டதில்லை. ஆனால் உலகின் வடபுறத்தே, மாரிகாலத்தில் ஏரிகளும் குளங்களும் உறைந்துபோகும் நாடுகள் பல உள. அந்நாட்டு இளைஞர் காலில் இரும்புத் தகடு பூட்டிய பாதணியணிந்து, கையில் வளைந்த கோலேந்தி, உறைந்த நீரின் மேல் இறப்பர் வில்லையொன்றைத் துரத்தி ஆடுகின்றனர். அதுவே பனிக்கட்டி ஹொக்கி.

அந்த விளையாட்டுக்கும் கல்முனைக்கும் என்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம். விளையாட்டில் தொடர்பில்லை, ஆனால் அவ்விளையாட்டினர் விடைகண்ட வினா ஒன்றில் தொடர்புண்டு. வலியாரும் மெலியாரும் ஒரே களத்தில் இறங்கும்போது மெலியார் மனமுடைந்து போகாமலும், வலியார் சோம்பிப் போகாமலும் காப்பது எவ்வாறு என்பதே அவ்வினா.

1998ஆம் ஆண்டிலே, ஆசிய, ஓசியானிய நாடுகளின் 18 வயதுக்குட்பட்டோருக்கான பனிக்கட்டி ஹொக்கிச் சுற்றுப்போட்டியில் தென்கொரிய அணியும் தாய்லாந்து அணியும் எதிர்த்து ஆடின. ஆட்டம் 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறுவது. 60 நிமிடங்கள் முடிந்தபோது தென்கொரியா 92 கோல்கள் போட்டிருந்தது. தாய்லாந்து ஒன்றுமே போடவில்லை. கொரிய ஆட்டக்காரர் ஒருவர் மட்டும் 31 கோல்களைப் போட்டார். கணக்கிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 40 விநாடிக்கு ஒரு கோல் வீதம் விழுந்திருக்கின்றது. சர்வதேசப் பனிக்கட்டி ஹொக்கியின் வரலாற்றில் இதுவே மிகப்பெரிய வெற்றியெனப் பதிவாயிற்று.

இந்த வெற்றியால் யாருக்கு நன்மை? தாய்லாந்துச் சிறுவர் குற்றம் யாதுமிலர். கல்முனையைப் போன்றே வெப்பமிகுந்த நாட்டில், செயற்கையாக உறைய வைத்த சிறு தளங்களில் ஆடிப் பழகியவர்கள் அவர்கள். கொரியச் சிறுவருக்கும் அன்று கற்றுக்கொள்ள ஏதுமிருக்கவில்லை. வென்றோரும் தோற்றோரும் ஒருங்கே வெறுங்கையுடன் திரும்பிய ஆட்டம் அது. அதன் பின்வந்த ஆண்டுகளில் அந்த ஆசியப் போட்டி இரு பிரிவுகளாக வகுத்து நடத்தப்பெற்றது. 2002ஆம் ஆண்டுடன் அப்போட்டி நிறைவெய்த, ஆசிய நாடுகள் உலகப் போட்டியின் அடிப்படிகளில் இடம்பெறலாயின.

படிகள் என்னும் இந்த ஏற்பாடு பனிநாடுகளில் பிறந்ததன்று. அதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் களம். 1888இல் 12 கழகங்கள் ஒன்றுகூடி உதைபந்தாட்ட லீக்கைத் தொடங்கின. 1892இல் அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு ஒன்று அமைக்கப்பெற்றது. மேற்பிரிவிற் கடைசியாக வந்த கழகங்களும் கீழ்ப்பிரிவில் முதலாக வந்த கழகங்களும் பருவத்தின் முடிவிற் பரீட்சை ஆட்டங்களில் மோதுவது அன்றைய வழக்கம். அவற்றின் முடிவை வைத்தே எவர் ஏறுவது, எவர் இறங்குவது என்பது தீர்மானிக்கப்பட்டது.

இம்முறையில் ஓர் ஓட்டை இருந்தது. 1898இலே ஸ்ரோக் கழகமும் பேர்ன்லிக் கழகமும் இறுதிப் பரீட்சை ஆட்டத்தில் சந்தித்தன. ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே இரண்டும் மேற்பிரிவில் இடம்பெறலாம் என்பதை இரு அணியினரும் அறிந்திருந்தனர். விளைவு யாதெனில், கோலை நோக்கிப் பந்தை உதைக்க எவரும் முயலவில்லை. சலிப்புற்ற பார்வையாளர் தம்மிடம் வந்த பந்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்தனர் என்றும் சொல்லப்படுகின்றது. ஆட்டம் கோலின்றி முடிந்தது. அந்த நாடகத்தின் பின்னர் பரீட்சை ஆட்டங்கள் கைவிடப்பட்டன. பருவம் முழுவதும் ஆடிப்பெற்ற புள்ளிகளின்படி, முதல்வர் தாமாகவே ஏறவும் கடையர் தாமாகவே இறங்கவும் விதி செய்யப்பட்டது. மேலேற்றம், கீழிறக்கம் என இன்று உலகெங்கும் வழங்கும் முறை இவ்வாறு உருவாயிற்று. ஒரு நாள் ஆட்டத்தில் சூது செய்யலாம். ஒரு பருவம் முழுவதும் செய்வது அரிது என்பதே அவ்விதியின் உட்கருத்து.

சர்வதேசப் பனிக்கட்டி ஹொக்கிச் சம்மேளனம் 1908இல் பாரிஸ் நகரில் நிறுவப்பெற்றது. நாடுகளின் தொகை பெருகப் பெருக, எல்லாரையும் ஒரே பந்தியில் இருத்த இயலாது என்பது தெளிவாயிற்று. 1961ஆம் ஆண்டின் உலகப் போட்டியில் நாடுகள் மூன்று தொகுதிகளாக வகுக்கப்பட்டன. இளையோர் போட்டியும் இதே வழியிற் சென்றது. 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி 1977 முதல் முறைப்படி நடைபெற்று வருகின்றது. 1979இல் அதற்கு இரண்டாம் தொகுதியும், 1983இல் மூன்றாம் தொகுதியும் சேர்க்கப்பட்டன. 18 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி 1999இல் தொடங்கிற்று.

இப்படிகள் இயங்கும் விதம் எளிதானது. உச்சப் பிரிவில் 10 நாடுகள். அதற்குக் கீழுள்ள குழுக்களிற் பெரும்பாலும் அவ்வாறு நாடுகள். ஒரு குழுவின் அணிகள் யாவும் ஒரே நகரிற் கூடி, ஏறத்தாழ ஒரு வாரத்தில், ஒவ்வோர் அணியும் மற்றை ஐந்து அணிகளோடும் ஆடி முடிக்கின்றன. முதலிடம் பெற்ற நாடு மறு ஆண்டு மேற்குழுவுக்கு ஏறுகின்றது. கடைசியிடம் பெற்ற நாடு கீழ்க்குழுவுக்கு இறங்குகின்றது. ஆகவே இடையில் நிற்கும் நாட்டுக்குங்கூட ஓய்வில்லை. முதலிடத்துக்கு ஆடாதவர் கடைசியிடத்துக்கு அஞ்சி ஆடியே தீரவேண்டும். கிண்ணத்தை வெல்லும் வாய்ப்பே இல்லாத இரு அணிகள், கடைசி நாளில், கண்ணீரும் வியர்வையுமாக மோதுவதன் காரணம் இதுவே.

இளையோர் போட்டியில் இன்னுமொரு நுட்பம் உண்டு. இவ்வாண்டு தன் நாட்டை மேற்குழுவுக்கு ஏற்றிய இளைஞன், மறு ஆண்டில் வயதெல்லையைக் கடந்துவிடக் கூடும். அவன் வென்ற இடத்தில் அவன் ஆடுவதில்லை. அவனுக்கு இளையவன் ஆடுகின்றான். அவ்வாறே, இவ்வாண்டு தோற்றவன் விட்டுச்செல்லும் சுமையையும் இளையவனே தாங்குகின்றான். தென்னையை நட்டவன் ஒருவன், இளநீர் பருகுபவன் மற்றொருவன். தனக்கென அன்றித் தன் பின்வருவோர்க்கென ஆடும் இந்த ஆட்டத்தில், பரிசு பெரிதன்று; பொறுப்புப் பெரிது.

அடிப்படியில் நிற்பது இழிவன்று என்பதற்குச் சிலோவாக்கியா நாட்டின் வரலாறு சான்று. 1993 ஜனவரி முதலாந் தேதி செக்கோசிலோவாக்கியா இரண்டாகப் பிரிந்தபோது, பழைய நாட்டின் இடம் உலகப் போட்டியிற் செக் குடியரசுக்கே உரித்தாயிற்று. சிலோவாக்கியா புது நாடெனக் கருதப்பட்டு மூன்றாந் தொகுதியில் இருத்தப்பட்டது. நேற்றுவரை உலகின் முன்னணி அணியில் ஆடியவர்கள், இன்று கடைசி வாசலில் நின்றனர். முறையிடுதலோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1994இல் மூன்றாந் தொகுதியை வென்றனர். 1995இல் இரண்டாந் தொகுதியை வென்றனர். 1996இல் முதற்றொகுதியில் ஆடினர். அவர்களுடைய இளையோர் அணி 1999இல் உலகப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றது. 2002இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் இரசியாவை நான்குக்கு மூன்று என்னும் கோல்களால் வென்று சிலோவாக்கியா உலக வெற்றி வீரரானது. ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்ட சிறு நாடு, கடைசிப் படியிலிருந்து முதற்படிக்கு எட்டாண்டுகளில் வந்து சேர்ந்தது.

ஏற்றத்துக்கு இது சான்றெனின், இறக்கத்துக்குத் தென்கொரியா சான்று. தாய்லாந்தை 92 கோல்களால் வென்ற நாட்டின் முதியோர் அணி, 2017இல் கீவ் நகரில் நடந்த போட்டியின் பயனாக உலகின் உச்சப் பிரிவுக்கு முதன்முறையாக ஏறிற்று. 2018இல் டென்மார்க்கில் அவ்வணி ஏழு ஆட்டங்கள் ஆடி ஏழிலும் தோற்று, மீண்டும் இறங்கிற்று. ஒரு களத்தின் யானை மறு களத்தின் பூனையாகலாம். எவர்க்கும் நிலையான பட்டயம் எழுதிக்கொடாத முறை இது.

இனி இலங்கையின் பக்கம் திரும்புவோம். இத்தீவுக்கும் ஏறிய வரலாறு ஒன்றுண்டு. அது துடுப்பாட்டத்தில் நிகழ்ந்தது. ஆனால் அங்கே இருந்தது ஏணியன்று, பூட்டிய கதவு. 1909இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்றும் சேர்ந்து ஏகாதிபத்தியக் கிரிக்கெட் மகாநாட்டை அமைத்தன. 1926இல் இந்தியா, நியூசிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் என்பன சேர்ந்தன. 1952இற் பாகிஸ்தான் சேர்ந்தது. இலங்கை வாசலில் நின்றது. 1965இல் மகாநாட்டின் பெயர் மாற்றப்பட்டு, இணை உறுப்பு நாடு என்னும் புதுவகை உண்டாக்கப்பட்டபோது, இலங்கைக்கு அவ்விடம் கிடைத்தது. டெஸ்ட் ஆட்டம் ஆடும் உரிமை அதில் அடங்கவில்லை.

1975இல் முதலாவது உலகக் கிண்ணப் போட்டிக்கு இலங்கை அழைக்கப்பெற்றது. லண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியா 60 ஓவர்களில் 328 ஓட்டங்களைக் குவித்தது. ஜெவ் தொம்சனின் வேகப்பந்தில் அடிபட்டுச் சுனில் வெத்தமுனியும் துலீப் மெண்டிசும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆயினும் இலங்கை நான்கு விக்கெட்டுகளை மட்டும் இழந்து 276 ஓட்டங்களைப் பெற்றது. தோல்விதான், ஆயின் பணிந்த தோல்வியன்று.

1979இல் இணை உறுப்பு நாடுகளுக்கென இங்கிலாந்தில் ஒரு போட்டி நடத்தப்பெற்றது. 15 அணிகள் கலந்துகொண்டன. இறுதியாட்டத்துக்கு வரும் இரண்டு அணிகளுக்கு அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தில் இடமுண்டு என்பது ஏற்பாடு. இலங்கையும் கனடாவும் அவ்விடங்களைப் பெற்றன. இறுதியாட்டம் நடைபெறுமுன்னரே உலகக் கிண்ணம் தொடங்கிவிட்டது. அங்கே ஓல்ட் டிரபோர்ட் மைதானத்தில் இலங்கை இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்றது. சில நாட்களின் பின் வூஸ்டர் நகரில், தன் சொந்தப் படிக்குரிய இறுதியாட்டத்தில், 324 ஓட்டங்களைப் பெற்றுக் கனடாவை 60 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தை எடுத்தது. இரண்டாம் வரிசையின் கிண்ணம் கைக்கு வருமுன்னரே, முதல் வரிசையின் அணியொன்றைத் தோற்கடித்த நாடு இலங்கை.

அப்படியிருந்தும் கதவு தானாகத் திறக்கவில்லை. பனிக்கட்டி ஹொக்கியில் முதலிடம் பெற்றவன் மறு ஆண்டே ஏறுவான். அதற்கு எவர் சம்மதமும் வேண்டுவதில்லை. கிரிக்கெட்டிலோ, மேலே இருப்போர் கூடி இசைவு தெரிவிக்க வேண்டும். 1981 ஜூலை 21ஆந் தேதி அவ்விசைவு கிட்டியது. 1982 பெப்ரவரியிற் கொழும்பு பாக்கியசோதி சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கெதிராக ஆடிற்று. இரண்டாவது இனிங்சில் மூன்று விக்கெட்டுக்கு 167 ஓட்டங்கள் என உறுதியாக நின்ற இலங்கை, மேலும் எட்டு ஓட்டங்கள் சேர்ப்பதற்குள் எஞ்சிய ஏழு விக்கெட்டுகளையும் இழந்தது. இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது. படியேறுதல் ஒன்று, ஏறிய படியில் நிற்கப் பழகுதல் மற்றொன்று என்பதை அன்றைய மாலை உணர்த்திற்று. முதலாவது டெஸ்ட் வெற்றி 1985இற் கிடைத்தது. 1996இல் லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணமும் கைக்கு வந்தது.

கிரிக்கெட்டிலும் பின்னாளில் ஏணி வந்தது. 2007 முதல் 2019 வரை உலகக் கிரிக்கெட் லீக் என்னும் பெயரில் இணை நாடுகள் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டு ஏறியும் இறங்கியும் ஆடின. அதன் பெரும்பேறு ஆப்கானிஸ்தான். பாகிஸ்தானிய அகதி முகாம்களில் இவ்விளையாட்டைக் கற்ற இளைஞரைக் கொண்ட அந்நாடு, 2008இல் ஜேர்சித் தீவில் ஐந்தாம் பிரிவை வென்றது. அதே ஆண்டில் தன்சானியாவில் நான்காம் பிரிவை வென்றது. 2009இன் தொடக்கத்தில் ஆர்ஜென்டினாவில் மூன்றாம் பிரிவை வென்றது. 2017இல் டெஸ்ட் உரிமையும் பெற்றது. ஆனால் உச்சியில் மட்டும் பழைய வழக்கமே நீடித்தது. தோல்விகளின் காரணமாக எந்த முழு உறுப்பு நாடும் அவ்விடத்தினின்று இறக்கப்பட்டதில்லை. கீழே இருப்பவனுக்கு ஏணி, மேலே இருப்பவனுக்குக் கட்டில் என்னும் முறை நீதியாகுமா என்பது இன்றும் நிற்கும் வினா.

ஏனைய விளையாட்டுகளில் இலங்கை படிகளின் இரு தன்மையையும் அனுபவித்துள்ளது. ஆசிய உதைபந்தாட்டத்தில் வளர்ந்துவரும் நாடுகளுக்கென 2006இல் தொடங்கிய சவால் கிண்ணப் போட்டியில், இலங்கை இறுதியாட்டம் வரை சென்று டாக்கா நகரில் தஜிகிஸ்தானிடம் நான்கு கோல்களால் தோற்றது. இரண்டாம் வரிசைப் போட்டியாயினும், அந்த இறுதியாட்டம் இலங்கை உதைபந்தாட்டத்தின் நினைவிற்குரிய நாட்களுள் ஒன்று. றக்பி ஆட்டத்தில், ஆசியாவின் உச்ச ஐந்து நாடுகளுள் ஒன்றாக 2011இல் இலங்கை ஆடி, இறங்கிற்று. 2013இற் கீழ்ப்பிரிவை வென்று மீண்டும் ஏறிற்று. 2014இல் ஜப்பானிடம் 132க்கு 10 என்னும் புள்ளிகளால் தோற்று மறுபடியும் இறங்கிற்று. கீழ்ப்படியில் வீரன், மேற்படியில் மாணாக்கன். அது வெட்கத்துக்குரியதன்று, தன் அளவைத் தானறிய அதுவன்றி வேறு வழியுமில்லை.

இனிக் கல்முனைக் கரைக்கு மீள்வோம். அக்கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் வேரூன்றிய விளையாட்டு. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் மாலைப்பொழுதில் எழும் ஆரவாரத்தை அப்பகுதி நேயர்கள் நன்கறிவர். 1949இல் நிறுவப்பெற்ற சாஹிறாக் கல்லூரி முதலாய பாடசாலைகளின் மாணவர்க்கும் ஓர் ஏணி உண்டு. கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம், தேசியமட்டம் என்பனவே அதன் படிகள்.

ஆனால் இந்த ஏணிக்கும் பனிநாட்டார் ஏணிக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உளது. தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் போட்டியில், மெலிந்த பாடசாலையொன்று முதல்நாளே வலிய பாடசாலையொன்றைச் சந்தித்துத் தோற்றால், அவ்வாண்டு அதற்கு அத்துடன் முடிந்தது. ஒரு வருடப் பயிற்சிக்கு ஓர் ஆட்டம். பிரிவு முறையிலோ, கடைசிப் பிரிவின் கடைசி அணிக்கும் தனக்கு நிகரானவரோடு ஐந்து ஆட்டங்கள் உண்டு. மிக அதிகமாகக் கற்கவேண்டியவனுக்கு மிகக் குறைவாக ஆட்டங் கொடுப்பது ஒரு முறை. அவனுக்கும் பிறரளவு கொடுப்பது மற்றொரு முறை. ஒரு நாட்டின் விளையாட்டு அகலமாக வளர்வதற்கு எம்முறை துணைபுரியும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தூரமும் ஒரு படியே. புகையிரதப் பாதை மட்டக்களப்புடன் நின்றுவிடுகின்றது. அங்கிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதிப் பயணம். தேசியமட்டப் போட்டிக்காகத் தலைநகர் செல்லும் கரையோரச் சிறுவன், மைதானத்தில் இறங்குமுன்னரே தீவின் அகலத்தைக் கடந்தாக வேண்டும். தலைநகரச் சிறுவனோ வீட்டில் உறங்கியெழுந்து வருகின்றான். ஏணி இருவர்க்கும் ஒன்றே; ஆனால் முதற்படியின் உயரம் ஒன்றன்று.

2004 டிசம்பர் 26ஆந் தேதிக் கடற்கோளில் இலங்கையில் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் அன்று மண்மேடுகளாயின. பந்து துரத்திய சிறுவரும் அவர்தம் குடும்பத்தாரும் அலைவாய்ப்பட்டனர். கரையோர வாழ்க்கை அடித்தளத்திலிருந்து மீண்டும் கட்டியெழுப்பப்பட வேண்டியதாயிற்று. மைதானங்களில் மீண்டும் பந்து உருண்டது. கடைசிப் படியிலிருந்து தொடங்குவது எத்தகையது என்பதை அம்மக்களுக்கு எந்த விளையாட்டு வரலாறும் கற்பிக்க வேண்டியதில்லை.

வரலாறு காட்டும் உண்மை இதுவே. 1898இல் இங்கிலாந்துக் கழகங்கள் கற்ற பாடமும், 92 கோல்களில் ஆசியா கற்ற பாடமும், 1981 வரை காத்திருந்து இலங்கை கற்ற பாடமும் ஒன்றையே கூறுகின்றன. வலியவனைக் கட்டிப்போடுவது நீதியன்று. மெலியவனுக்கு இரங்கி வெற்றியைத் தானமளிப்பதும் நீதியன்று. அவனவன் நிற்கும் படியில் அவனுக்கு நிகரானவரைக் கொடுத்து, வென்றால் ஏறலாம் என்னும் உறுதியை எழுத்தில் வைத்து, அவ்வுறுதியை எவர் மனம் மாறினும் மாறாது காப்பதே நீதி. மேலே இருப்பவன் இறங்கவும் கூடும் என்ற விதியும் அதனோடு சேர்ந்திருந்தாலன்றி, ஏணி முழுமை பெறுவதில்லை.

விடியற்காலையில் மீன்பெட்டிக்கு ஐஸ் உடைக்கும் கல்முனைச் சிறுவன், மாலையிற் சந்தாங்கேணிக்குப் பந்தோடு போகின்றான். உறைந்த ஏரியை அவன் ஒருநாளும் காணாமற் போகலாம். ஆயினும் அந்த ஏரிக்கரைச் சிறுவனுக்குக் கிடைத்த ஐந்து ஆட்டங்களும் மறு ஆண்டின் நம்பிக்கையும் அவனுக்கும் கிடைக்குமாயின், அவன் கால் வைப்பதற்கு ஒரு படி உண்டு. ஏறுவது அவன் பாடு.